வேண்டாம் என்ற பொத்தான்

என் சித்தப்பாவின் மூளை தேய ஆரம்பித்துவிட்டது என்று கடிதம் அனுப்பிய மூளை ஆராய்ச்சி மையத்தில்தான் நான் வேலை பார்த்தேன். அந்தக் கடிதத்தின் வாசகத்தை எழுதியவளும் நான்தான். பெயர் வரவேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருந்தேன். கம்ப்யூட்டர் அதில் ஸீசிஸ் என்று சித்தப்பாவின் பெயரை நிரப்பி, வடகிரேக்கத்தில் எங்கள் மையம் இருக்கும் கொசானி நகரத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர் மேலே மலையில் இருக்கும் பெத்ரோவ்ரிசிக்கு அனுப்பிவிட்டது. அனுப்பும் பட்டியலை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

'விளையாட்டில் உங்கள் உறவுக் குறியீடு நூற்றுக்குப் பத்தொன்பது. இது மூளையின் முன்பகுதியில் தேய்வு தொடங்கியிருப்பதைக் குறிக்கலாம். நரம்பியல் மருத்துவரை அணுகவும்.' அதற்குக் கீழே எங்கள் தலைவி பேராசிரியர் பொலிக்ஸேனியின் கையெழுத்து. பக்கத்தில் நீல வட்ட முத்திரை.

அதே ஊரில் இருபத்தேழு பேருக்கு இதே கடிதம் போயிருந்தது. இருபத்தாறு பேர் சிரித்துவிட்டு அடுப்பில் போட்டார்கள். சித்தப்பா போடவில்லை, ஏனென்றால் அதில் முத்திரை இருந்தது. முத்திரை இல்லாத காகிதத்தால் அரை நாள் அலையாதவர் எங்கள் நாட்டில் கிடையாது. அதனால் அவரைப்போல லைசென்ஸை நம்பிப் பிழைக்கிறவர்கள் வட்டமாக மை விழுந்த எதையும் பத்திரமாகக் கோப்பில் சேர்த்துவிடுவார்கள். எதற்கு உதவும் என்று கேட்கமாட்டார்கள், என்றைக்காவது எவனாவது கேட்பான் என்று மட்டும் தெரியும்.

சித்தப்பா பஸ் ஓட்டுகிறவர். அறுபத்து மூன்று வயது. அந்த மாதம் அவருடைய லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. சுகாதார நிலையத்து டாக்டரின் மேசையில் கண் சோதனை, இதயச் சோதனை, ரத்தச் சோதனை எல்லாவற்றையும் அடுக்கி, மேலே எங்கள் கடிதத்தையும் வைத்திருக்கிறார். டாக்டர் நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். படித்துப் பார்த்ததும் பேனாவை மூடிவிட்டார். மையம் இதைத் திரும்பப் பெற வேண்டும், இல்லாவிட்டால் ஒரு நரம்பியல் மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும், அதுவரை கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். நரம்பியல் மருத்துவரிடம் நாள் கேட்டால் நான்கு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். லைசென்ஸ் முடிய இருந்தது பதின்மூன்று நாள்.

பெத்ரோவ்ரிசிக்கு ஒரே பஸ். அதற்கு ஒரே ஓட்டுநர். காலையில் ஒன்பது பிள்ளைகளைப் பள்ளிக்கு இறக்கி, வாரம் மூன்று நாள் இரண்டு பேரை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய், மருந்துக் கடையில் பதினொரு வீட்டு மாத்திரையை வாங்கிக்கொண்டு திரும்புகிறவர் அவர். அவர் நின்றால் பஸ் நிற்கும். பஸ் நின்றால் அந்தத் தடத்தையே மூடிவிடுவார்கள், ஒருமுறை மூடியதைத் திறந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

எனக்கு ஃபோன் செய்தது சித்தி அக்லயா. வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"உங்க ஆபீஸ்ல என்னடி எழுதித் தொலைச்சீங்க? மனுஷன் ரெண்டு நாளா கண்ணாடி முன்னாடி நின்னு தன் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்கார். நல்லாத்தானே இருக்கேன், நல்லாத்தானே இருக்கேன்னு என்கிட்ட கேக்கறார்."

அந்த விளையாட்டுச் செயலியை அவருடைய ஃபோனில் ஏற்றிக் கொடுத்ததே நான்தான்.

செயலியின் பெயர் சதுக்கம். டென்மார்க்கில் ஒரு குழு செய்தது. மனிதர்கள் எப்படிப் பகிர்கிறார்கள், எப்படி நம்புகிறார்கள், அப்போது மூளையில் என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். சலிப்பூட்டும் கேள்வித்தாளைக் கொடுத்தால் யாரும் நிரப்பமாட்டார்கள், விளையாட்டாகக் கொடுத்தால் பல் விளக்கும்போதுகூட ஆடுவார்கள். ஆடுகிறவருக்குத் திரையில் ஒரு சதுக்கம், ஒரு மரம், நான்கு மேசை. சதுக்கத்துக்கு அவர் ஊர்ப் பெயரையே வைத்துக்கொள்ளலாம். யாராவது விருந்தாளி வருவார். அவருக்குக் காபி வாங்கித் தரலாம், தராமலும் இருக்கலாம். தந்தால் அவர் பதிலுக்கு ஒன்று வாங்கித் தருவார். 'ஏற்கிறேன்', 'வேண்டாம்' என்று இரண்டு பொத்தான் வரும். நட்சத்திரம் உண்டு, பதக்கம் உண்டு, ஒவ்வொரு ஞாயிறும் பட்டியல் உண்டு. சிலரை மட்டும் எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் படுக்கவைத்து, அதே விளையாட்டை ஆடச்சொல்லிப் படம் எடுப்போம். படத்தையும் ஆட்டத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் வருவதுதான் உறவுக் குறியீடு.

இதைக் கிரேக்கத்துக்கு மொழிபெயர்த்தவள் நான். மலைக் கிராமத்து முதியவர்கள் நாற்பது பேர் வேண்டும் என்று பொலிக்ஸேனி கேட்டபோது, எங்கள் ஊரே இருக்கிறதே என்று துள்ளிக்கொண்டு சொன்னவளும் நான். கடைசியில் நாற்பத்தொரு பேர் சேர்ந்தார்கள், அவர்களில் இருபத்தெட்டுப் பேரைப் படம் எடுத்தோம்.

சனிக்கிழமை காலை ஊருக்குப் போனேன். சித்தப்பா காபிக் கடையில் இருந்தார். லாம்ப்ரோஸ் கடைக்காரர், அவரும் ஆடுகிறவர்தான். கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு நாலு பேர் ஃபோனைக் கையை நீட்டிப் பிடித்து ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் உட்கார்வதற்குள் எனக்குக் காபி வந்துவிட்டது, யார் சொன்னது என்றே தெரியவில்லை. சித்தப்பா இளைத்திருந்தார். இருந்தாலும் என்னைப் பார்த்ததும் ஃபோனை என் பக்கம் திருப்பினார்.

"யோஹான் வந்திருக்கான் பாரு. இந்த மாசத்துல ஆறாவது தடவை. நம்ம ஊர் பிடிச்சுப்போச்சு அவனுக்கு."

யோஹானுக்கு ஒரு காபி வாங்கித் தந்தார், கூடவே எங்கள் ஊர்ச் சாராயமான சிப்புரோ ஒரு கிளாஸ். யோஹான் கைதட்டினான். பிறகு அவன் பதிலுக்குக் காபி நீட்டினான். சித்தப்பா வேண்டாமை அழுத்தினார். மறுபடி நீட்டினான். வேண்டாம். மூன்றாம் முறையும் நீட்டினான். வேண்டாம். அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"மூணு தடவை கேட்டான் பாத்தியா? மரியாதை தெரிஞ்ச பய. வளத்தவங்க நல்லா வளத்திருக்காங்க."

திரையின் மூலையில் அவருடைய நட்சத்திரம் ஒன்று அணைந்தது. அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. நான் கையில் இருந்த காபியைக் கீழே வைத்தேன். ஏன் ஒரு தடவையாவது வாங்கிக்கொள்ளக் கூடாது என்று கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில், கடிதம் வரவேண்டியது எனக்குத்தான் என்று தோன்றியது.

"நம்ம ஊருக்கு வந்தவன்கிட்ட நான் வாங்கிக் குடிக்கிறதா? ஏம்மா லெமோனியா, உனக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

நான் பிறந்தது அந்தக் கடைக்கு எதிர் வீட்டில். வெளியூர்க்காரன் அங்கே காசு கொடுக்க முயன்று தோற்பதை வாரா வாரம் பார்த்து வளர்ந்தவள். உட்கார்ந்திருப்பவன்தான் வந்தவனுக்கு வாங்கித் தருவான், வந்தவன் தன் ஊரில் அதைத் தீர்ப்பான். அதற்கு வருஷமே ஆனாலும் பரவாயில்லை. இதைக் குழந்தைக்குக்கூட யாரும் சொல்லித் தருவதில்லை. டென்மார்க்காரர்களுக்குத் தெரியாது, சரி. 'வேண்டாம்' என்ற சொல்லை இந்தக் கையால் தட்டச்சு செய்தபோது என் புத்தி எங்கே மேயப் போயிருந்தது?

அன்று மத்தியானமே கொசானிக்குத் திரும்பி, நாற்பத்தொரு பேருடைய ஆட்டத்தையும் எடுத்துப் பார்த்தேன். நாலு மாதத்தில் சித்தப்பா முந்நூற்றுப் பன்னிரண்டு முறை வேண்டாம் சொல்லியிருந்தார். ஒருமுறைகூட ஏற்கிறேன் இல்லை. லாம்ப்ரோஸ் இருநூற்றெண்பது. சித்தி நூற்றைம்பது. ஊரே வரிசையாக வேண்டாம் என்று சொல்லியிருந்தது, ஊரே வரிசையாகத் தோற்றிருந்தது. ஒரே ஒருவர் மட்டும் தொண்ணூற்றொன்று வாங்கியிருந்தார். ஸ்டெர்யோஸ்.

ஸ்டெர்யோஸைப் பற்றிச் சொன்னால்தான் என் கோபம் புரியும். அவர் யாருக்காவது ஒரு காபி வாங்கித் தந்ததைப் பார்த்தவர் ஊரில் உயிரோடு இல்லை. வெளியூர் வண்டி வந்து நின்றால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அந்த மேசைக்குப் போய்விடுவார். அவருடைய மனைவியின் சாவுக்கு வந்தவர்களுக்கு ஊற்ற வேண்டிய பிராந்தியைக்கூட அக்கம்பக்கத்தார்தான் வாங்கினார்கள். எங்கள் விளையாட்டில் விருந்தாளிக்குத் தரும் காபிக்குச் செலவில்லை, அதனால் தாராளமாகத் தந்திருக்கிறார். பதிலுக்கு வந்ததையெல்லாம் விடாமல் வாங்கிக் குடித்திருக்கிறார். அறிவியலின்படி எங்கள் ஊரில் ஆரோக்கியமான மூளை அவருக்கு மட்டும்தான்.

திங்கட்கிழமை இதையெல்லாம் அச்சடித்துக்கொண்டு பொலிக்ஸேனியின் அறைக்குப் போனேன். ஏதென்ஸில் பிறந்து, வெளிநாட்டில் படித்து, இங்கே தலைவியாக வந்தவர். கெட்டிக்காரர், உழைப்பாளி, அதை மறுக்க முடியாது. நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். ஸ்டெர்யோஸ் கதைக்குச் சிரித்தும்விட்டார். சிரித்ததால் வேலை முடிந்தது என்று நான் நம்பிவிட்டேன்.

"லெமோனியா, நீ சொல்றது ஊர்க்கதை. நான் வச்சிருக்கறது மூளைப் படம்."

சித்தப்பாவின் படத்தைத் திரையில் போட்டார். ஒருவர் நமக்கு ஏதாவது கொடுக்கும்போது மூளையில் சந்தோஷத்துக்கான ஓரிடம் ஒளிர வேண்டும். சித்தப்பாவுக்கு அது இருட்டாக இருந்தது. அதற்குப் பதில் வேறோர் இடம் சிவப்பாக ஒளிர்ந்தது. கெட்டுப்போன சாப்பாட்டை முகர்ந்தால் ஒளிரும் இடம். அன்பை அருவருப்பாக உணர்கிற மூளை, இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டுமா என்று கேட்டார்.

"அது அருவருப்பு இல்ல மேடம், அவமானம். குழாய்க்குள்ள படுத்துக்கிட்டு, விருந்தாளி காசை நீட்டறானேன்னு கூசிப்போயிருக்கார்."

"ரெண்டுக்கும் படத்துல ஒரே இடம்தான்."

"அப்ப எதுன்னு படத்துக்குத் தெரியாது. கேட்டா அவர் சொல்வார். யாராவது கேட்டோமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு உள்ளதைச் சொன்னார். ஒரு கடிதத்தைத் திரும்பப் பெற்றால் இருபத்தேழையும் பெற வேண்டும். இருபத்தேழையும் பெற்றால் குறியீடே தவறு என்று ஆகும். அந்தக் குறியீட்டைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது. மூன்று வாரத்தில் டென்மார்க் குழுவின் தலைவி இங்கெர் நேரில் வருகிறார், அடுத்த ஐந்து வருடத்துக்கான ஆதரவு அவர் கையில் இருக்கிறது. எட்டுப் பேர் சம்பளம், உன் சம்பளமும் சேர்த்து என்றார். கடைசியில் பெருந்தன்மையாக ஒரு வழியும் காட்டினார்.

"அவரை மறுபடி ஆடச்சொல்லு. மதிப்பெண் ஏறட்டும். ஏறின அன்னைக்கே, தேறிட்டார்னு நானே முத்திரை போட்டுத் தர்றேன்."

நான் கத்தியிருக்க வேண்டும். அந்தக் காகிதங்களை அவர் மேசைமேல் விசிறியிருக்க வேண்டும். ஆனால் பத்து நாள்தான் மிச்சம் இருந்தது, ஒன்பது பிள்ளைகள், இரண்டு டயாலிசிஸ். சரி மேடம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அந்தச் சரிக்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

மறுநாள் பஸ்ஸின் காலை நடைக்கும் மாலை நடைக்கும் நடுவில் சித்தப்பா வீட்டு அடுக்களையில் பாடம் நடந்தது. அவரிடம் விஷயத்தைச் சொன்னபோது கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. இந்த வயதில் தப்பைத் திருத்திக்கொள்ள வழி இருக்கிறதே என்று நிம்மதிப்பட்டார். யோஹான் வந்தான், காபி நீட்டினான். சித்தப்பாவின் விரல் ஏற்கிறேனுக்கு மேலே போய் அப்படியே நின்றது. சித்தி பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"மன்னிச்சுக்கப்பா" என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு அழுத்தினார்.

நட்சத்திரம் மின்னியது. ஒரு சின்ன மணி அடித்தது. ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்டார், ஒவ்வொரு முறையும் மணி அடித்தது. ஏழாவது முறை என்னால் தாங்க முடியாமல், இத்தனை நாள் மறைத்ததைச் சொல்லிவிட்டேன். யோஹான் என்று யாரும் இல்லை, வருகிறவர்கள் எல்லாரும் கம்ப்யூட்டர் ஆட்டுகிற பொம்மைகள், அதனால் இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றேன். அவர் மனசைக் குளிர்விக்கத்தான் சொன்னேன். அவர் ஃபோனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"நாலு மாசமா அவனுக்குக் குளிருமேன்னு உள்ளே மேசை போட்டேன்."

"தெரியும் சித்தப்பா."

"சரி, அவன் பொம்மையாவே இருக்கட்டும். நான் பொம்மை இல்லையே."

கொஞ்ச நேரம் கழித்து அவரே ஃபோனை எடுத்து விட்ட இடத்திலிருந்து ஆடினார். மாலை நடைக்கு நேரமாகிவிட்டதென்று சித்தி சொல்லும்வரை நிறுத்தவில்லை. ஆறு நாளில் பத்தொன்பது எண்பத்தெட்டு ஆனது. மையத்தில் மறுபடி படமெடுத்தார்கள், சிவப்பு மங்கியிருந்தது. பொலிக்ஸேனி சொன்னபடியே கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தித் தந்தார். டாக்டர் பேனாவைத் திறந்தார். லைசென்ஸ் வந்துவிட்டது, பஸ் நிற்கவில்லை. ஊரில் எனக்கு நன்றிகூடச் சொன்னார்கள்.

சித்திதான் மிச்சத்தைச் சொன்னாள். லைசென்ஸ் வந்த வாரம் ஒரு லாரி ஓட்டுநர் காபிக் கடையில் இறங்கியிருக்கிறார். வழக்கம்போல் சித்தப்பா அவருக்கு வாங்கித் தந்திருக்கிறார். கிளம்பும்போது அந்த ஆள் பதிலுக்கு ஒன்று என்று சொல்ல, சித்தப்பா தலையசைத்து வாங்கிக் குடித்திருக்கிறார். லாம்ப்ரோஸ் துடைத்த மேசையையே துடைத்துக்கொண்டிருந்தாராம். ஸ்டெர்யோஸ் மட்டும் எழுந்து வந்து சித்தப்பாவின் தோளைத் தட்டி, இப்போதுதான் நீ பிழைக்கத் தெரிந்த மனுஷன் என்று சொன்னாராம். அன்றிலிருந்து சித்தப்பா கடைக்குப் போவதையே குறைத்துக்கொண்டார். யாராவது ஏதாவது நீட்டினால் உடனே வாங்கிக்கொள்கிறார், பிறகு வீட்டுக்கு வந்து பேசாமல் உட்கார்ந்துவிடுகிறார் என்றாள் சித்தி. மூளை நன்றாக இருந்தவரை மனிதர் நன்றாக இருந்தார் என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டாள்.

இதற்கிடையில் மையத்தில் ஒரே கொண்டாட்டம். சித்தப்பாவின் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து பொலிக்ஸேனி ஒரு பக்கம் தயாரித்திருந்தார். ஆறே நாளில் அறுபத்தொன்பது புள்ளி ஏற்றம். விளையாட்டு நோயைக் கண்டுபிடிக்கிறது, அதே விளையாட்டு நோயைத் தீர்க்கவும் செய்கிறது என்று தலைப்பு. உனக்கும் பெயர் போட்டிருக்கிறேன் என்றார் என்னிடம். உண்மையிலேயே எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்திருந்தார், அதுதான் கொடுமை.

இங்கெர் வந்தார். ஐம்பது வயது, குட்டையான முடி, குறைவாகப் பேசுகிறவர். ஆட்களை நேரில் பார்க்க வேண்டும் என்று அவர்தான் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் பெத்ரோவ்ரிசிக்குப் போனோம். லாம்ப்ரோஸ் கடையில் சாப்பாடு. அடுப்பில் வெந்த பெரிய அவரை, மாவுக்குள் வெங்காயத்தாள் வைத்துச் சுட்ட பித்தா, முட்டைக்கோஸ் போட்ட பன்றிக்கறி. சித்தப்பாவைப் பொலிக்ஸேனி தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். அவர் சலவைச் சட்டை போட்டு, கழுத்துவரை பொத்தான் மாட்டியிருந்தார். பொலிக்ஸேனி இங்கெரிடம் ஆங்கிலத்தில் அவருடைய மூளையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். என்ன சொல்கிறார்கள் என்று சித்தப்பா என்னிடம் கேட்டார். உங்களைப் பாராட்டுகிறார்கள் என்று சொன்னேன். பக்கத்து மேசையில் ஸ்டெர்யோஸ் நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டு முடிந்ததும் லாம்ப்ரோஸ் பில்லைக் கொண்டுவந்து வைத்தார், வைக்கும்போது சித்தப்பாவை ஒருமுறை பார்த்தார். ஒரு மாதத்துக்கு முன்னால் அந்தச் சீட்டு மேசைக்கே வந்திருக்காது. காலையிலேயே சித்தப்பா லாம்ப்ரோஸ் காதில் சொல்லிவைத்திருப்பார். இப்போது அவர் தலையைக் குனிந்து ரொட்டித் துணுக்குகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

இங்கெர் பணப்பையைத் திறந்தார். பொலிக்ஸேனியின் கை பாய்ந்து பில்லைப் பிடித்தது. இங்கெர் இது எங்கள் குழுவின் செலவு என்றார். பேச்சே இல்லை என்றார் பொலிக்ஸேனி. இங்கெர் அட்டையை நீட்டினார், பொலிக்ஸேனி அதைத் தள்ளினார். பாதியாவது தருகிறேன் என்றார். மறுபடி தள்ளினார். இங்கெர் எழுந்து லாம்ப்ரோஸிடம் நேராகக் கொடுக்கப் போக, பொலிக்ஸேனியும் எழுந்து குறுக்கே நின்றார். கன்னம் சிவந்திருந்தது, உண்மையாகவே கோபம். என் நாட்டுக்கு வந்துவிட்டு நீங்கள் காசு கொடுப்பதா, என்னை இப்படி அவமானப்படுத்தாதீர்கள் என்றார். மூன்று முறை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இங்கெர் சிரித்துத் தோல்வியை ஒப்புக்கொண்டார். உட்கார்ந்தவர், சரி, இந்தப் பெரியவருக்கு ஒரு காபியாவது நான் வாங்கித் தரலாமா என்று கேட்டு, சித்தப்பாவைக் கை காட்டினார். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் அந்தக் கைக்கு அர்த்தம் தெரியாதவர் அங்கே யாரும் இல்லை. சித்தப்பாவின் வலது கை மேசையிலிருந்து எழுந்தது. ஆள்காட்டி விரல் நீண்டு, பொத்தானைத் தேடுவதைப்போல் நடுவில் நின்றது. பிறகு என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்.

"லெமோனியா, வேண்டாம்னு சொன்னா லைசென்ஸைத் திரும்ப வாங்கிக்குவாங்களா?"

நாற்பது வருஷம் மலைப் பாதையில் பனியில் பஸ் ஓட்டிய மனிதர். ஒரு காபியை மறுக்க என்னிடம் அனுமதி கேட்டார்.

அவர் என்ன சொன்னார் என்று இங்கெர் கேட்டார். நன்றி சொல்கிறார் என்றார் பொலிக்ஸேனி, சட்டென்று.

"இல்லை" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் இங்கெரிடம் சொன்னேன். பிறகு பத்தொன்பதைச் சொன்னேன், இருபத்தேழு கடிதங்களைச் சொன்னேன், முந்நூற்றுப் பன்னிரண்டு வேண்டாமைச் சொன்னேன். இங்கே யார் முழு மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் வாங்கினார் என்று ஸ்டெர்யோஸைக் காட்டினேன், அவர் இங்கெருக்கு வணக்கம் வைத்தார். பொலிக்ஸேனி இரண்டு முறை குறுக்கிட்டார், நான் நிறுத்தவில்லை. அந்தப் பொத்தானை எழுதியவள் நான், ஆறு நாள் இவருக்குப் பயிற்சி கொடுத்தவளும் நான், நாளைக்கு நான் வேலைக்கு வரமாட்டேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

"இவருக்கு நோய் இருந்துச்சுன்னா, இப்ப உங்க கண் முன்னாடி மேடத்துக்கும் அதே நோய். மூணு தடவை. படம் எடுத்துப் பாக்கலாம்."

பொலிக்ஸேனி கையில் கசங்கியிருந்த பில்லைப் பார்த்தார். பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியாதவராக அப்படியே வைத்திருந்தார். இங்கெர் அவரையும் பில்லையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சித்தப்பா பக்கம் திரும்பி, எனக்கு மட்டும் கேட்கும்படி ஆங்கிலத்தில், இவர் என்ன பதில் சொல்ல விரும்புகிறார் என்று அவரிடம் கேட்கச் சொன்னார்.

கேட்டேன். லைசென்ஸை யாரும் தொடமாட்டார்கள் என்றும் சொன்னேன். சத்தியமா என்று கேட்டார். சத்தியம் என்றேன். அவர் நீட்டிய விரலை மடக்கினார். மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்.

"லாம்ப்ரோஸ், அந்தம்மா கையில இருக்கற சீட்டை வாங்கிக் கிழிச்சுப் போடு. மூணு பேரும் நம்ம ஊருக்கு வந்தவங்க."

ஸ்டெர்யோஸ் தன்னையும் சேர்த்து நாலு என்றார். கடை சிரித்தது, சித்தப்பாவும் சிரித்தார். பொலிக்ஸேனி எழுந்து வந்து லாம்ப்ரோஸிடம் பணத்தை நீட்டினார். அவர் வாங்கவில்லை. மறுபடி நீட்டினார், மறுபடி வாங்கவில்லை. மூன்றாம் முறை லாம்ப்ரோஸ் பணத்தை அவருடைய உள்ளங்கையிலேயே மடித்து வைத்துவிட்டு, காபி போட உள்ளே போனார்.